போட்டு வைத்த கூடாரங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம் கேட்டது சின்ன விஷயம்தான். வருகிற மே மாதம் நம் சங்கத்திலிருந்து இருபது பேர் இமாசலப் பிரதேசத்துக்கு டிரெக்கிங் போவதாக ஏற்பாடு. "நீ போய்ட்டு வந்தவன். அங்கே கேம்ப் எல்லாம் எப்படி இருக்கும், என்ன எடுத்துட்டுப் போகணும்னு அரை மணி நேரம் பேசு" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நம் சங்கச் செய்தி மடலைத் தேடி எடுத்தேன். "1987-ஆம் ஆண்டு மாணவர்கள் ஐவர் 13,800 அடி உயர சர் பாஸைக் கடந்து சாதனை" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பனியில் நின்று கையைத் தூக்குகிற போட்டோவும் போட்டிருக்கிறார்கள். அந்தப் போட்டோவில் தலைகளை எண்ணிப் பாருங்கள். மூன்றுதான் இருக்கும். "ஒருத்தன் போட்டோ எடுத்திருப்பான், இன்னொருத்தன் பின்னாடி வந்திருப்பான்" என்று நீங்களாகவே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டீர்கள். நானும் சிரித்து மழுப்பினேன். கணவாயைக் கடந்தவர்கள் மூன்று பேர்தான். நானும் நம்ம சிவில்காரரும் கடக்கவில்லை. அவர் கடக்காமல் போனதற்குக் காரணம் நான். இதைச் சொல்லாமல், பையில் எத்தனை ஜோடி காலுறை வைக்கணும் என்று மட்டும் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த கேம்ப் விவகாரம். மலையில் பல நாள் நடப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போவது. கூடாரம், அடுப்பு, மண்ணெண்ணெய், அரிசி பருப்பு, போர்வை எல்லாம் நம் முதுகிலோ, கூலிக்கு வருகிறவர் முதுகிலோ. சாயங்காலம் ஓர் இடத்தில் கூடாரம் அடித்து, காலையில் பிரித்து, மறுபடி சுமக்க வேண்டும். இன்னொன்று, சீசன் ஆரம்பிக்கும்போதே வழி நெடுக ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒன்றாக முகாம் போட்டு வைத்துவிடுவது. சமையல்காரர், பாத்திரம், ஸ்லீப்பிங் பேக், கம்பளி எல்லாம் அங்கேயே இருக்கும். நாம் துணிமணியும் தட்டும் டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் எடுத்துக்கொண்டு முகாமுக்கு முகாம் நடந்தால் போதும். முதுகுச் சுமை எட்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். நம் நாட்டில் இந்த இரண்டாவது வழியை நடுத்தர வர்க்கத்துக்குப் பழக்கியதில் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1949-ல் ஆரம்பித்த சங்கம் அது. இப்போது வேறு பலரும் நடத்துகிறார்கள். நாங்கள் யாரோடு போனோம் என்பதை இங்கே சொல்லவில்லை. விளம்பரம் ஆகிவிடும், அதோடு நான் சொல்லப்போகும் கதையில் அவர்கள் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

2024 மே மாதம் போனோம். டெல்லியிலிருந்து ராத்திரி பஸ், காலையில் பூந்தர். குலு விமான நிலையம் இருக்கிற ஊர் அது. அங்கிருந்து பார்வதி நதியை ஒட்டியே மேலே போனால் சுமார் முப்பது கிலோமீட்டரில் கசோல். ஆற்றங்கரையில் தேவதாரு மரங்களுக்கு நடுவில் வரிசையாகக் கூடாரம். அதுதான் அடிவார முகாம், உயரம் சுமார் 5,200 அடி. அங்கே முதல் இரண்டு நாளும் எங்கேயும் போக விட மாட்டார்கள். காலையில் உடற்பயிற்சி, பக்கத்து மேட்டில் பையோடு ஏறி இறங்குவது, பாறையில் கயிறு பிடித்து இறங்குவது என்று ஓடும். "காசு கொடுத்து வந்தது டிரில் எடுக்கவா" என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். அவர் என்.சி.சி.க்கு டிமிக்கி கொடுத்தவர் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும், அதற்குத்தான் அந்த இரண்டு நாள். சாயங்காலம் கொஞ்ச நேரம் கிடைத்தால் நாலைந்து கிலோமீட்டரில் மணிகரண் இருக்கிறது. அங்கே குருத்வாராவில் வெந்நீர் ஊற்றில் ஒரு குளியல் போட்டுவிட்டு, லங்கரில் ரொட்டி பருப்பு சாப்பிட்டுவிட்டு வரலாம். அந்தக் குளியலை நன்றாக அனுபவியுங்கள். அடுத்த ஏழு நாளைக்கு அதுதான்.

கசோலை விட்டால் வழி இப்படிப் போகும். முதல் நாள் கிரஹன் என்கிற கிராமம், சுமார் 7,700 அடி. அடுத்து பத்ரி, 9,300. அடுத்து மிங் தாட்ச், 11,200. 'தாட்ச்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் மலை மேல் உள்ள மேய்ச்சல் வெளி. அடுத்து நகாரு, 12,500. அங்கிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பி, பனி மேலேயே நடந்து சர் பாஸைக் கடந்து, அந்தப் பக்கம் பிஸ்கேரியில் இறங்க வேண்டும். விடிவதற்கு முன்னால் ஏன் என்றால், வெயில் ஏறினால் பனி இளகிவிடும், தொடை வரைக்கும் கால் இறங்கும். ராத்திரிக் குளிரில் இறுகிக் கிடக்கும்போதே அதைத் தாண்டிவிட வேண்டும்.

கேம்ப் வாழ்க்கை நம் ஹாஸ்டல் வாழ்க்கைதான், வார்டனுக்குப் பதில் கேம்ப் லீடர். காலை ஆறு மணிக்கு "சாய், சாய்" என்று கூடாரத்துக்கு வெளியே குரல் கேட்கும். ஏழு மணிக்கு டிபன். மத்தியானச் சாப்பாட்டையும் அப்போதே நாம் கொண்டுபோன டப்பாவில் போட்டுக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். எட்டரைக்குள் முகாமைக் காலி செய்துவிட வேண்டும். மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு அடுத்த முகாம் போய்ச் சேர்ந்தால் கையில் ஒரு டம்ளர் சர்பத் கொடுப்பார்கள். பிறகு டீ, சூப், இருட்டுவதற்கு முன்னால் ராத்திரிச் சாப்பாடு, படுக்கும் முன் சூடாகப் போர்ன்விட்டா. முழுக்கச் சைவம். மது, சிகரெட் இரண்டும் கிடையாது. ஒரு கூடாரத்தில் எட்டுப் பேர், பத்துப் பேர். குறட்டை விடுகிறவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டை அவரவரே கழுவ வேண்டும். மிங் தாட்சில் அந்தத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கழிப்பறை என்பது குழி வெட்டி, நாலு பக்கமும் துணி கட்டிய சின்னக் கூடாரம். பெண்களுக்குத் தனிக் கூடாரமும் தனிக் கழிப்பறையும் இருந்தன. அண்ணிமார்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இதில் ஒரு விஷயத்தை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். தினமும் ஒரு குழு கசோலிலிருந்து புறப்படுகிறது. அப்படியென்றால் நாம் காலையில் காலி செய்கிற கூடாரத்தில் அன்று மத்தியானமே நமக்குப் பின்னால் வருகிற குழு படுக்க வேண்டும். நாம் போய்ப் படுக்கிற கூடாரத்தை நமக்கு முன்னால் போன குழு அன்று காலையில்தான் விட்டிருக்கும். ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் குழுக்கள் கோத்துக்கொண்டு நகர்கின்றன. அதனால்தான் காலையில் அத்தனை அவசரப்படுத்துகிறார்கள். "பணம் கட்டியிருக்கோம், நிதானமாப் போவோம்" என்பதெல்லாம் அங்கே செல்லாது. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. இந்தக் கோர்வையில் இன்னொரு நல்லதும் இருக்கிறது. அதைத்தான் நான் கோட்டை விட்டேன், அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இத்தனை சௌகரியத்துக்கும் பின்னால் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதை இருக்கிற வரைக்கும் கோவேறு கழுதைகள், அதற்கு மேல் மனிதர்கள். கேஸ் சிலிண்டரை முதுகில் கயிற்றால் கட்டிக்கொண்டு, நாம் பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குகிற ஏற்றத்தில், சிரித்துக்கொண்டே நம்மைத் தாண்டிப் போவார்கள். நகாருவில் எங்களில் ஒருவர் முகம் கழுவ அரை பக்கெட் வெந்நீர் கேட்டார். சமையல்காரப் பையனுக்கு இருபது வயசு இருக்கும். அவன் மறுக்கவில்லை. அண்டாவில் பனிக்கட்டியைப் போட்டு உருக்கிக்கொண்டிருந்ததைக் காட்டி, "சார், எல்லாருக்கும் ராத்திரிக் குடிக்கிற தண்ணி இதுதான்" என்று இந்தியில் சொன்னான். கேட்டவர் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். கேட்டவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, அவரே இப்போது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். அவர்களுக்கு இனாம் கொடுப்பதானால் இறங்குகிற நாளில் சில்லறை இல்லை என்று சொல்லாமல், புறப்படும்போதே நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏ.டி.எம். கிடையாது, செல்போன் சிக்னலும் அநேகமாகக் கிடையாது.

ஒரே இடத்தில் வருஷா வருஷம் கூடாரம் போட்டால் புல்வெளி தாங்குமா என்று நம்ம தாவரவியல் பேராசிரியர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்து மாநிலமான உத்தராகண்டில் 2018 ஆகஸ்டில் உயர்நீதிமன்றமே தலையிட்டு, மேல்மலைப் புல்வெளிகளில் ராத்திரி தங்கக் கூடாது, அங்கே போட்டிருக்கிற நிரந்தரக் கட்டுமானங்களை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பலர் ஆசைப்பட்டுப் போய்வந்த நடைகள் அதனால் அங்கே நின்றுபோயின. நம்மால் ஆனது, சாக்லேட் காகிதத்தைக்கூடப் பையிலேயே போட்டுக் கீழே கொண்டுவருவது. நாங்கள் கொண்டுவந்தோம். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் கொண்டுவரவில்லை என்பதையும் பார்த்தேன்.

இனி என் கதை. உங்களுக்குத் தெரியும், நான் வெள்ளியங்கிரி ஐந்து தடவை ஏறியவன். பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலையையும் ஏறி, விடிகாலையில் சாமி கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மறுநாள் ஆபீசுக்குப் போனவன். இந்தப் பயணத்துக்கு மற்ற நான்கு பேரையும் கிளப்பியதே நான்தான். ஆறு மாதம் முன்பிருந்து தினமும் காலையில் போன் போட்டு "நடந்தியாடா, படி ஏறினியாடா" என்று அவர்கள் உயிரை வாங்கியவன். அப்படிப்பட்ட எனக்கு மிங் தாட்சில் சாயங்காலம் நாலு மணிக்குத் தலைவலி ஆரம்பித்தது.

வெள்ளியங்கிரி சுமார் 6,000 அடி. அதைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் கதையே வேறு. காற்றில் ஆக்ஸிஜன் பங்கு எங்கேயும் நூற்றுக்கு இருபத்தொன்றுதான். ஆனால் 12,500 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அவ்வளவுதான். உடம்பு அதற்குச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் நாள் கேட்கும். பத்தாயிரம் அடிக்கு மேல் போனால் படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. தலைவலியோடு குமட்டலோ, அசதியோ, கிறுகிறுப்போ சேர்ந்தால் அது உயரத்தால் வருகிற நோயின் ஆரம்பம். அதோடு மேலே ஏறவே கூடாது. முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், இல்லை மூளை வீங்கும். இரண்டுமே ஆளைக் கொன்றுவிடும். மருந்து இருக்கிறது, ஆனால் கீழே இறங்குவதற்கு அது ஈடாகாது. வாலிபமா வயோதிகமா, வெள்ளியங்கிரி ஏறியவரா ஏறாதவரா என்றெல்லாம் இந்த நோய் பார்ப்பதில்லை. நன்றாக ஓடியாடுகிற பையன்களுக்கும் வரும். கசோலில் முதல் நாளே இதையெல்லாம் சொன்னார்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கூட வைத்துக்கொண்டேன்.

மிங் தாட்சில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கேம்ப் லீடர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "யாருக்காவது தலைவலி, வாந்தி, தூக்கமின்மை?" இரண்டு பேர் கை தூக்கினார்கள், அகமதாபாத்திலிருந்து வந்த ஒரு காலேஜ் பெண்ணும், அவள் மாமாவும். அவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். நான் கை தூக்கவில்லை. சூப் சூடாக இருந்தது, கூடாரம் கதகதப்பாக இருந்தது, மூன்று கம்பளி கொடுத்திருந்தார்கள். இவ்வளவு வசதியாக இருக்கிற இடத்தில் நமக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அது மட்டும் காரணமில்லை. ஆறு மாதம் இவர்களை மிரட்டிவிட்டு, கை தூக்குகிற முதல் ஆளாக நான் இருக்க முடியாது என்று நினைத்தேன். ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன். பக்கத்தில் சிவில்காரர் "என்னடா மாத்திரை?" என்றார். "முழங்கால் வலிக்கு" என்றேன்.

முழங்கால் வலி அவருக்குத்தான் இருந்தது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஜூலையில் மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. அறுவைக்குப் பிறகு சமதரையில் எத்தனை வேண்டுமானாலும் நடக்கலாம், பனிச் சரிவெல்லாம் மறந்துவிடுங்கள் என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த மே மாதம்தான் அவருக்கு இருந்தது. ஆளுக்கு ஒரு தடி போதும் என்ற இடத்தில் அவர் இரண்டு தடி ஊன்றி, எல்லோருக்கும் பின்னால், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் நகாரு. முகடு மாதிரியான இடம். காற்று கூடாரத்தைப் பிடித்து உலுக்கும். சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாதத்தைத் தட்டோடு கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் குப்பைக் குழியில் போட்டேன். அங்கேயும் அதே கேள்வி கேட்டார்கள். அங்கேயும் நான் கை தூக்கவில்லை. ஏழு மணிக்கே படுத்துவிட்டோம், மூன்று மணிக்கு எழுப்புவார்கள். பதினோரு மணி வாக்கில் வெளியே போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வரும்போது என் கூடாரம் எது என்று தெரியவில்லை. கூடாரக் கயிறு தடுக்கி விழுந்தேன். டார்ச் வெளிச்சத்தோடு வந்தது சிவில்காரர். என்னைத் தூக்கி உட்கார வைத்து, முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ரெண்டு நாளா இருக்கா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, நேரே கேம்ப் லீடர் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

லீடர் வந்து என் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். கோவிட் காலத்தில் நம் எல்லோர் வீட்டிலும் வாங்கி வைத்தோமே, அதுதான். எழுபத்தொன்று காட்டியது. மற்றவர்களுக்கெல்லாம் சாயங்காலம் எண்பத்தைந்துக்கு மேல் இருந்தது. குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி வைத்து ஒரு நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னார். ஏழாவது அடியில் சாய்ந்தேன். அவர் திட்டவில்லை. "இப்போதே இறங்க வேண்டும்" என்றார். "விடியட்டுமே" என்றேன். "விடிவதற்குள் நீங்கள் நடக்கிற நிலையில் இருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது" என்றார். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து கொஞ்ச நேரம் பிடிக்க வைத்தார்கள். ஒரு வழிகாட்டியைத் தயார் பண்ணினார்கள். அப்போது லீடர் இன்னொன்று சொன்னார். வழிகாட்டிக்கு இந்தியும் அவருடைய மலைப் பேச்சும்தான் தெரியும். போகிற வழியில் இவர் உளற ஆரம்பித்தால் உடனே தெரிந்தாக வேண்டும், மூளையைப் பாதித்திருக்கிறதா என்பதற்கு அதுதான் அடையாளம். உளறுவதானால் தமிழில்தான் உளறுவார். தமிழ் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும்.

நால்வரும் முழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் பேசுவதற்குள் சிவில்காரர் ஷூ லேசைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். "இவன் தெளிவா இருக்கும்போதே உளறுவான். வித்தியாசம் எனக்குத்தான் தெரியும்" என்றார். மற்ற மூன்று பேரும் "உனக்கு இது ஒரே சான்ஸ்டா, நாங்க போறோம்" என்று தடுத்தார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று கேட்டால், நான் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நள்ளிரவு தாண்டி இறங்கத் தொடங்கினோம். என் பையை வழிகாட்டி எடுத்துக்கொண்டார். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்காலுக்கு அடி அதிகம் என்பது வலி உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் என் தோள், இப்படியே வந்தார் அவர். கால் மணிக்கு ஒரு கேள்வி கேட்பார். "நம்ம ரூம் நம்பர் என்ன?" சொன்னேன். "மெஸ்ல வியாழக்கிழமை என்ன போடுவான்?" சொன்னேன். "ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல எத்தனை தடவை அரியர் வச்சே?" ஒரு தடவை என்றேன். வழிகாட்டியிடம் திரும்பி, "உளற ஆரம்பிச்சுட்டான், ரெண்டு தடவை" என்றார் தமிழிலேயே. அவருக்கு ஒன்றும் புரியாமல் சிரித்தார். என் மனைவிக்கு நான் அரியர் வைத்த விஷயமே இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

மிங் தாட்ச் வந்தபோது விடிய இன்னும் நேரமிருந்தது. முந்தின ராத்திரி கேள்வி கேட்டாரே, அதே கேம்ப் லீடர் டீ கொடுத்தார். என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இங்கேயே சொல்லியிருக்கலாமே. இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு நாள் நிறுத்தி வைத்தேன். இப்போது சரியாகிவிட்டது, இன்றைக்கு வந்த குழுவோடு காலையில் நகாருக்குப் போகிறார்கள்." அந்தக் கூடாரத்தைக் காட்டினார். அகமதாபாத் பெண்ணும் மாமாவும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் சொல்லாமல் விட்டேனே, கோர்வையில் உள்ள நல்லது, அது இதுதான். தினமும் பின்னால் ஒரு குழு வருகிறது, முகாம் அங்கேயே இருக்கிறது, அடுப்பு எரிகிறது. உடம்புக்கு ஒரு நாள் வேண்டும் என்றால் கொடுக்க முடியும். சுமந்துகொண்டு போகிற நடையில் ஒருவருக்காக எல்லோரும் நிற்க வேண்டும், அல்லது அவர் திரும்ப வேண்டும். இங்கே அப்படி இல்லை. நான் அந்த ராத்திரி கையைத் தூக்கியிருந்தால் ஒரு நாள் மிங் தாட்சில் கம்பளிக்குள் கிடந்திருப்பேன். சரியானால் பின்னால் போயிருப்பேன், ஆகாவிட்டால் பகல் வெளிச்சத்தில், துணைக்கு ஆள் தேவைப்படாத நிலையில் இறங்கியிருப்பேன். நான்கு பேர் கடந்திருப்பார்கள். என் நண்பர்கள் மூன்று பேர் பனிச் சரிவில் உட்கார்ந்து சறுக்கி விளையாடிய வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதில் நான்காவதாகச் சறுக்க வேண்டியவர் அந்த நேரத்தில் பத்ரிக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார்.

பத்ரியை நெருங்கும்போது யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி என் தலைவலி நின்றது. பசித்தது. என் டப்பாவிலிருந்த சப்பாத்தியையும் அவர் டப்பாவிலிருந்ததையும் நானே சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி கிரஹனில் தங்கி, மறுநாள் கசோல். இந்த இரண்டு நாளில் கணவாயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அறுவை சிகிச்சை ஜூலையில் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "டேய், ஃபிசியோதெரபிஸ்ட் வர்ற நேரம், அப்புறம் பேசு" என்றார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. அதனால்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.

வருகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. புது ஷூ வாங்கினால் இப்போதே வாங்கி, போட்டுப் பழகிவிடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை, டார்ச், பனியில் கண் கூசாமல் கறுப்புக் கண்ணாடி, இவை கட்டாயம். ஊறுகாய் கொண்டு வாருங்கள், சப்பாத்தி-உருளைக்கிழங்குக்கு ஐந்தாம் நாள் அதுதான் தெய்வம். டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள், மைத்துனர் டாக்டர் என்று பார்க்காமலே கையெழுத்து வாங்காதீர்கள். உயரத்துக்கான மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்லுங்கள். தினமும் ராத்திரி அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார், நம் இருபது பேரும் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர வேண்டும். உங்களுக்கான பதிலை நீங்கள் சொல்லக் கூடாது, உங்கள் ஜோடி சொல்வார்.

செய்தி மடலின் அடுத்த இதழில் திருத்தம் போடும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் மூன்று பேர் கடந்தார்கள் என்று இருக்கும். விண்ணப்பப் படிவங்கள் நுழைவாயில் மேஜையில் இருக்கின்றன, சாப்பாட்டுக்கு முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் ஒன்று எழுதிவிட்டேன், ஜோடி என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். இன்று காலை வாசலில் சிவில்காரர் அதை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்துத் தன் பெயரைப் போட்டார். "கிரஹன் வரைக்கும் வர்றேன்டா, டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். அதுக்கு மேல போறதுன்னா வேற ஆளைப் பாத்துக்கோ" என்றார்.